எட்டாம் நம்பர் ஊசியும் ஆறு கீமோவும்

நான் குன்னூர்க்காரன். 22 வருடம் அரசு பஸ் ஓட்டியவன், அதில் பெரும்பகுதி குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில். 14 கொண்டை ஊசி வளைவு. ஊசி என்றால் எனக்கு அந்த ஊசிதான் தெரியும். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை முதன்முதலாகக் கையில் பிடித்தது 54 வயதில், கோவையில் ஒரு ஆஸ்பத்திரியின் கீமோ வார்டில், இடது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது. ஆம்பளை பின்னுவதா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எங்கள் டிப்போவில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

நோய் வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததாலேயே மூன்று மாதம் சும்மா இருந்தேன். டிசம்பர் குளிரில் ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வியர்த்தது, ஆறு கிலோ எடை இறங்கியது, அப்புறம்தான் போனேன். கட்டியை எடுத்து பயாப்ஸி பார்த்ததில் லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். அதில் பல வகை உண்டாம். எனக்கு வந்தது வேகமாக வளர்கிற வகை, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்றார் டாக்டர். 21 நாளுக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு. பொங்கல் முடிந்து ஜனவரி 18 முதல் தடவை, மே 3 கடைசி. எங்கள் மலையில் பனி விலகி, பிளம் பூத்து, காய்த்து, பழுக்கிற காலமும் சரியாக அதுதான். அன்றைக்கு அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஏற்றுகிற மருந்துகளில் ரிட்டுக்ஸிமாப் என்று ஒன்று. முதல் தடவை அதை ரொம்ப மெதுவாகத்தான் விடுவார்கள், உடம்பு முரண்டு பிடிக்கலாம் என்பதால். என் உடம்பு பிடித்தது. ஒரு மணி நேரத்தில் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம், கட்டிலே ஆடியது, மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் இன்னும் மெதுவாகத் திரும்பவும் ஆரம்பித்தார்கள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை அதே இடம். போனில் சார்ஜ் போய்விட்டது. மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு மஃப்ளர் பின்னிக்கொண்டிருந்தாள். பில் கட்டக் கூப்பிட்டார்கள். "என்னங்க, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, கண்ணி கழண்டுடாம பார்த்துக்கங்க" என்று ரெண்டு ஊசியையும் என் கையில் திணித்துவிட்டுப் போனாள். கவுண்டரில் கூட்டம். அவள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது.

எங்கள் பக்கம் என் தலைமுறைப் பெண்களில் பின்னத் தெரியாதவர்கள் குறைவு. லைன் வீட்டு வாசலில், பஸ் ஸ்டாப்பில், என் பஸ்ஸிலேயே மூன்றாவது சீட்டில் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய விஷயம். இவ்வளவு வருடம் பார்த்ததுதானே என்று ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். அப்புறம் இன்னொரு வரிசை. கண்ணி என்றால் ஊசியில் நிற்கிற நூல் வளையம். அவள் வந்து எண்ணியபோது 40 கண்ணி இருந்த இடத்தில் 46 இருந்தது. "ஆறு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், பயாப்ஸி ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பிரித்துத் திரும்பப் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "சரி, இனிமே இது உங்க வேலை" என்று நூல் உருண்டையையும் என் மடியில் வைத்துவிட்டாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது நாலே நாலு அசைவு. உள்ளே குத்து, நூலைச் சுத்து, இழு, கழற்று. இதுதான் நிட். அதையே புரட்டிப் போடுகிற பர்ல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், போகும்போதும் நிட், வரும்போதும் நிட், மஃப்ளருக்கு அது போதும் என்றாள். ஓரம் சுருண்டுகொள்ளாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். ஊசி எட்டாம் நம்பர். நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய கணக்குதான், நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். எட்டு என்றால் 4 மில்லிமீட்டர், பத்து என்றால் 3.25. ஸ்வெட்டர்க்காரர்கள் பத்தை எடுப்பார்கள். புதிதாகப் பழகுகிறவர், அதிலும் உடம்பு முடியாதவர், எட்டை விட மெல்லிசாக எதையும் தொட வேண்டாம்.

இது ஏன் எனக்குப் பிடித்துப்போனது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். மன அமைதி, தியானம் என்றெல்லாம் சொல்கிறார்கள், எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், கண்ணுக்கும் இருக்கும், மனசு மட்டும் ஓரமாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், ஆனால் ரொம்ப தூரம் போகாது, அடுத்த வளைவு இழுத்துப் பிடித்துவிடும். கட்டிலில் சும்மா படுத்திருந்தால் என் மனசு நேராகச் சுடுகாடு வரை போய்த்தான் திரும்பும். பின்னும்போது வரிசை முடிவு வந்துவிடும், ஊசியை மாற்றிப் பிடிக்க வேண்டும், திரும்பி வந்தாக வேண்டும்.

இன்னொன்று கவுண்ட். இந்த நோய்க்காரர்கள் மத்தியில் நலம் விசாரிப்பதே "கவுண்ட் எவ்வளவு?" என்றுதான். ரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு எவ்வளவு, அடுத்த கீமோவுக்கு விடுவார்களா மாட்டார்களா. அந்த எண்ணில் என் கை எதுவும் கிடையாது, நன்றாகச் சாப்பிட்டாலும் இறங்கும், சாமி கும்பிட்டாலும் இறங்கும். மடியில் இருக்கிற 46 கண்ணி அப்படி இல்லை. எண்ணினால் 46 இருக்க வேண்டும். 45 என்றால் தப்பு என்னுடையது, தேடினால் கிடைக்கும், கீழே நழுவிய கண்ணியைக் கொக்கி வைத்த குரோஷா ஊசியால் ஏணி ஏறுகிற மாதிரி மேலே ஏற்றிவிடலாம். ஒரு பழைய டைரியில் டிரிப் ஷீட் மாதிரி கட்டம் போட்டு நாள், கவுண்ட், வரிசை என்று எழுத ஆரம்பித்தேன். பிப்ரவரி 18, வெள்ளணு 1,400, வரிசை 6. மார்ச் 1, வெள்ளணு 5,200, வரிசை 22. ஏதோ டிப்போவுக்குக் கணக்கு கொடுக்கிற மாதிரி.

கையில் ஊசி எங்கே குத்துகிறார்கள் என்பது முக்கியம். மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றுகிற சின்னக் குழாய், போட்டால் அன்றைக்குப் பின்னல் போச்சு. முன்கையில் போடச் சொல்லிக் கேளுங்கள், நரம்பு கிடைத்தால் போடுவார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்தும் வின்கிறிஸ்டினும் ஏறும்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் இருக்க வேண்டும். அவை நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். எரிச்சலோ வலியோ லேசாகத் தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், "ஊசி என்றால் எரியத்தான் செய்யும்" என்று பல்லைக் கடிக்காதீர்கள். நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்கிற மருந்து ஏற்றும் கருவி வைத்தவர்களுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ, இருந்தாலும் அந்த நேரத்தில் ஆடாமல் இருப்பது நல்லது. அப்புறம், சிவப்பு மருந்து ஏறிய அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். யாரும் முன்னாலேயே சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று நினைத்து அலறிவிடுவீர்கள், நான் அலறினேன்.

கீமோவோடு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை, தினம் 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். காலையில் சாப்பிட்டதும் போட்டுவிட வேண்டும், அப்படிப் போட்டுமே எனக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் பளிச்சென்று இருக்கும், பசிக்கும், பீரோவை அடுக்கலாமா என்று தோன்றும், மனைவி மூச்சு விடுகிற சத்தத்துக்குக் கூடக் கோபம் வரும். ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் ஸ்விட்சை அணைத்த மாதிரி விழுந்துவிடுவேன். அந்த ஐந்து ராத்திரிதான் என் பின்னல் நேரம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளம் மரம். அப்பா வைத்தது. ஜனவரியில் பார்த்தால் விறகுக்கு வெட்டலாம் போல நிற்கும், ஒரு இலை இருக்காது. அந்த மரத்தோடு 30 வருடத்துக்கு மேலாக வாழ்ந்தவன், ஆனால் காலை ஐந்தரைக்கு முதல் வண்டி எடுக்கிறவன் எந்த மரத்தைப் பார்ப்பான், சொல்லுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு விடியலில் கிளைக் கணுக்களில் அரிசி மாதிரி ஏதோ தெரிந்தது. பூச்சியோ என்று நினைத்தேன். மொட்டு. நாலு நாளில் கிளையே தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. ஏழு மணி வாக்கில் வெயில் ஏறியதும் வெள்ளைக்கண்ணிகள் வரும், கட்டைவிரல் அளவுக் குருவி, உடம்பு பச்சை மஞ்சள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இருபது முப்பதாக வந்து பூவுக்குள் அலகை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் பறந்துவிடும். நான் அதுகளை எண்ணப் பார்ப்பேன். ஒரு தடவையும் கணக்கு நேராகவில்லை, கண்ணி மாதிரி அதுகள் ஊசியில் நிற்பதில்லையே.

சரியாக அதே வாரம் என் முடியும் கொட்டியது. முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம். காலையில் தலையணையில் முடி, வாசலில் பூவிதழ். உடனே யாரும் கவிதை எழுதக் கிளம்ப வேண்டாம், முடி கொட்டும்போது மண்டைத் தோல் வலிக்கும், யாரும் சொல்லாத விஷயம் அது. மொட்டை அடித்துவிடுவது நல்லது. அதற்கப்புறம் தொப்பி. எங்கள் வீட்டில் இருந்த கம்பளிக் குல்லாவை மாட்டினேன், அரை மணி நேரத்தில் சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. மொட்டைத் தலைக்குக் கம்பளி ஆகாது. மிருதுவான அக்ரிலிக், அல்லது பருத்தி நூல். இணைத்துத் தைத்த மடிப்பு தலைக்கு உள்பக்கம் வரக் கூடாது, குல்லாவை உள்வெளியாகத் திருப்பி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புதுசாகப் பின்னியதை ஒரு தடவை துவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். யாருக்காவது பரிசாகப் பின்னித் தருவதாக இருந்தால், நூலை உங்கள் கழுத்தில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்துப் பாருங்கள். உங்களுக்கு அரித்தால் அவர்களுக்கு இரண்டு மடங்கு அரிக்கும்.

கோவைக்குப் போக வர மலைப்பாதைதான். நான் ஓட்டிய பாதையில் இன்னொருவர் ஓட்டும் டாக்ஸியில் பின் சீட்டில் உட்கார்ந்து போவது கீமோவை விடக் கஷ்டம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். வண்டியில் பின்னவே பின்னாதீர்கள், வளைவில் குனிந்து கண்ணி எண்ணினால் வாந்தி நிச்சயம், எனக்கு வழியில் காட்டேரி என்கிற இடம் தாண்டியதுமே வந்துவிட்டது. அதனால் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். மார்ச் 22, நாலாவது கீமோவுக்கு இறங்கும்போது ஜெகரண்டா ஆரம்பித்திருந்தது. இலை குறைவாக, மரம் முழுக்க ஊதா. ஒரு வளைவில் ரோட்டிலேயே ஊதாவாகக் கொட்டிக் கிடக்கும், ஈரத்தில் டயர் வழுக்கும் என்பதற்காகத்தான் அந்தப் பூவை எனக்குத் தெரியும், திட்டியிருக்கிறேன். பாதி மலை இறங்கியதும் காதடைப்பு விடும், பர்லியாரில் சூடு ஆரம்பிக்கும், மேட்டுப்பாளையத்தில் கோடையே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம், அதில் ஒன்று இளவேனில் என்று படித்தோமே, கோவைக்காரர்களுக்கு அது புத்தகத்தில் மட்டும்தான், பனி முடிந்தால் நேராக வெயில். எங்களுக்கு அது ரெண்டு மூன்று மாதம் நிஜமாகவே இருக்கிறது. இவ்வளவு வருடம் கண்ணாடிக்கு வெளியே இருந்திருக்கிறது.

இப்போது நான் செய்த தப்பு. வின்கிறிஸ்டின் என்ற அந்த மருந்து ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான், பத்து நிமிடத்தில் ஏறிவிடும். அந்தத் துளி மருந்து செய்கிற வேலை பெரிது. ஒன்று மலச்சிக்கல், அதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், கீமோ அன்றைக்கே டாக்டரிடம் அதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாலு நாள் கழித்துக் கேட்காதீர்கள். இன்னொன்று விரல் நுனி மரத்துப்போவது. மூன்றாவது கீமோ முடிந்த வாரம் சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். பாதத்தில் பஞ்சை வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது. டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பயமும் இருந்தது, மரத்த காலோடு யார் என்னிடம் ஸ்டியரிங் கொடுப்பார்கள்?

காட்டிக்கொடுத்தது மஃப்ளர். அது இப்போதும் என் முன்னால் இருக்கிறது, பார்த்துத்தான் எழுதுகிறேன். முதல் ஒரு சாண் கருநீலம், அவள் போட்டது, அச்சடித்த மாதிரி. அப்புறம் என் வேலை, முதல் கீமோ காலம், இறுக்கமாக, ஊசியை நெரித்துக்கொண்டு, அந்த இடத்தில் அகலம் ரெண்டு விரல் குறுகியிருக்கும். ரெண்டாவது காலம் கொஞ்சம் ஒழுங்கு. அதற்கப்புறம் மாம்பழ மஞ்சள், ராத்திரி வெளிச்சத்தில் கருநீலக் கண்ணி தெரியவில்லை என்பதால் நூல் மாற்றினோம். மஞ்சள் தொடங்கி நாலு விரல்கடை தாண்டியதும் ஓட்டைகள். கண்ணி நழுவியிருக்கிறது, நழுவியது விரலுக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு. மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தூக்கக் கலக்கம்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் ஒரு ஐந்து ரூபாய்க் காசையும் ஒரு ரூபாய்க் காசையும் என் சட்டைப் பைக்குள் போட்டு, பார்க்காமல் ஐந்து ரூபாயை எடுக்கச் சொன்னாள். மூன்று தடவையும் தப்பு. அந்த மஃப்ளரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தடவை டாக்டர் மேசையில் விரித்துவிட்டாள். "இதைப் பாருங்க சார், இவர் சொல்ல மாட்டார்."

டாக்டர் திட்டினார். இதை முன்னாலேயே சொன்னால் அளவைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம், சொல்லாமல் விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும் என்றார். அன்றே அந்த ஒரு மருந்தின் அளவைக் குறைத்தார், மற்றவை அப்படியே. பொத்தான் மாட்டுவது, காசைத் தடவிப் பார்ப்பது, கண்ணாடி டம்ளர் கை நழுவுவது, இதையெல்லாம் கவனித்துச் சொல்லுங்கள். பின்னுகிறவர்களுக்கு ஒரு வசதி, கை மாறுவது துணியிலேயே பதிவாகிவிடும்.

விரல் மரத்த பிறகு ஸ்டீல் ஊசி வழுக்கியது. மூங்கில் ஊசிக்கு மாறினேன், எடை குறைவு, கண்ணி பிடித்து நிற்கும், ஆறாம் நம்பர் தடிமன். ரெண்டு ஊசியையும் ஒயரால் இணைத்த வட்ட ஊசி இன்னும் நல்லது, பின்னிய துணியின் பாரம் மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டில் தொங்காது, ஊசி கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருளாது. ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். தட்டணு குறைந்திருக்கும் நாட்களில் கூர் முனை ஊசி வேண்டாம், சின்னக் குத்துக்கும் ரத்தம் நிற்க நேரமாகும்.

அந்த நாலாவது தடவை திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் மாமியார் வீட்டில் தயிர் சாதத்துக்கு இறங்கினோம். வாசல் படி ஓரம் நித்தியகல்யாணி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக. வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுக்கிறது என்று வார்டில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். 1950-களில் கனடாவில் அந்த இலை சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று சோதித்திருக்கிறார்கள், சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளணு இறங்கியது, அதாவது கவுண்ட். அங்கிருந்துதான் இந்த வகை மருந்துகள் வந்தன. நான் இதைச் சொன்னதும் மாமியார் முகம் மாறிவிட்டது. அந்தப் பூவுக்கு இன்னொரு பேர் சுடுகாட்டுப்பூ, பூஜைக்கு வைக்க மாட்டார். "அதையா மாப்பிள்ளை உங்களுக்கு ஏத்துறாங்க?" என்றார். அதைத்தான் அத்தை என்றேன். மறுநாள் முதல் அந்தச் செடிக்கு அவரே தண்ணீர் ஊற்றுகிறாராம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மருந்து இதிலிருந்துதான் வருகிறது என்பதற்காக யாராவது இலையை அரைத்துக் குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள். என்னிடமும் ரெண்டு பேர் சொன்னார்கள். இலை விஷம், அளவு தெரியாது, கீமோவோடு சேர்ந்தால் என்னாகும் என்பதும் தெரியாது.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோ முடிந்து ஏழிலிருந்து 14 நாள் வரைக்கும் கவுண்ட் பாதாளத்தில் இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரி. மூன்றாவது கீமோவின் பதினோராம் நாள் எனக்கு 101, மணி இரவு பதினொன்று. "காலையில போலாம், இந்நேரத்துக்கு பர்லியார்ல யானை நிக்கும்" என்றேன், பொய் இல்லை, கோடையில் அந்தப் பக்கம் பலாப்பழத்துக்கு யானை வருவது வழக்கம்தான். அவள் கேட்கவில்லை. இங்கேயே பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கீமோ கார்டைக் காட்டி, கோவை டாக்டரோடு போனில் பேசவைத்து, முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுக்கொண்டு அப்புறம்தான் மலை இறங்கினோம். யானை இல்லை. நாலு நாள் அட்மிஷன். அடுத்த தடவையிலிருந்து கீமோ முடிந்த மறுநாள் கவுண்ட் ஏற்றும் ஊசி ஒன்று போட்டார்கள், இடுப்பெலும்பு ரெண்டு நாள் குடைந்தது, ஆனால் காய்ச்சல் வரவில்லை. தோட்டம் வைத்திருக்கிறவர்கள் அந்த நாட்களில் மண்ணைக் கிளறுவதும் எருவில் கை வைப்பதும் கூடாது, பூஞ்சை நுரையீரலுக்குப் போய்விடும். மரத்தைப் பார்க்கலாம். நான் பார்த்தேன்.

நாலாவது கீமோ முடிந்ததும், நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க பெட் (PET) ஸ்கேன். கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி ஒரு மணி நேரம் தனி அறையில் உட்காரவைப்பார்கள். ஒரு மணி நேரம் சும்மாதானே என்று பையிலிருந்து ஊசியை எடுத்தேன், டெக்னீஷியன் பையன் பதறி ஓடி வந்தான். "அங்கிள், கை அசைச்சா சர்க்கரை பூரா கைத் தசைக்குப் போயிடும், ஸ்கேன்ல கைதான் பளிச்சுனு தெரியும்." பேசவும் கூடாதாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரம் கிடையாது. ரிசல்ட் நன்றாக வந்தது.

வார்டில் எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு அக்கா, திருப்பூர்ப் பக்கம், மார்பகத்தில் நோய். அவர் குரோஷா போடுகிறவர், ஒற்றைக் கொக்கி ஊசி. ஒரே ஊசி, ஒரே கண்ணி, எங்கே விட்டாலும் அவிழாது, மரத்த கைக்கு ரெண்டு ஊசியை விட இது சுலபம் என்பது அவர் கட்சி. உண்மைதான். 2016-இல் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை போட்டு கின்னஸில் ஏற்றியதை அவர்தான் சொன்னார், சொல்லிவிட்டு என் மஃப்ளரைப் பார்த்து, "உங்க வேகத்துக்கு நீங்க ஒரு கைக்குட்டை போடுங்கண்ணா" என்றார். மார்பை எடுத்தவர்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளப் பருத்தி நூலில் பின்னிப் பஞ்சடைத்த மார்பகம் இருக்கிறது, சிலிகானை விட லேசு, வேர்க்காது, துவைக்கலாம் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். தனக்குத் தானே ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை, நாற்காலிக் கைப்பிடியில் வைத்துத் தட்டித் தட்டி வட்டம் சரிபார்த்தார்.

ஏப்ரல் 12 ஐந்தாவது. ரெண்டு நாளில் சித்திரை ஒன்று. நாக்கில் ருசி போய் மாதக் கணக்காகிறது, எதைத் தின்றாலும் ஆணியை நக்குகிற மாதிரி. மேட்டுப்பாளையத்து வேப்பம்பூவில் பச்சடி வைத்திருந்தாள். வெல்லம் தெரியவில்லை, மாங்காய் தெரியவில்லை, கசப்பு மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. ரெண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 3 கடைசி. அந்த வாரம் பிளம் சிவக்க ஆரம்பித்திருந்தது. கவுண்ட் ஏறுகிற வரைக்கும் தோலோடு பழம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கழுவி, கொதிநீரில் முக்கி, தோலை உரித்துக் கொடுத்தாள். தோலில்தான் புளிப்பு இருக்கிறது, அது இல்லாத பிளம் ஒரு பழமா? மஃப்ளர் அதற்குள் ஆறடி ஆகியிருந்தது. மே மாதத்தில் மஃப்ளரை யாருக்கு என்ன செய்வது. முடிப்பதற்குக் கண்ணிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், அதை அவளே செய்தாள். ஓட்டை விழுந்த இடத்தைப் பிரித்துத் திரும்பப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன்.

இது நடந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. கை விரல் ஏறக்குறைய சரியாகிவிட்டது, கால் கட்டைவிரல் இன்னும் பஞ்சுதான். டிப்போவில் டைம் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள், வண்டி எடுப்பதைப் பற்றி மெடிக்கல் போர்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு வண்டிக்கு நடுவே பின்ன நேரம் கிடைக்கிறது. இப்போது ஊசியில் இருப்பது ஒரு குல்லா, வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு காலேஜ் பையனுக்கு, பருத்தி நூல், 88 கண்ணி, ரெண்டு நிட் ரெண்டு பர்ல். பர்ல் இன்னும் அவ்வளவாகக் கை வரவில்லை. நேற்று எண்ணினேன், 90 இருக்கிறது. மரத்தில் இன்னும் மொட்டு வரவில்லை, ஆனால் ஜனவரி கடைசிதானே.